தாமு வழியாக வந்தவர்கள்

வைட்ஹாலில், பாதுகாப்பு அமைச்சகக் கட்டடத்துக்கு முன்னால் ஃபீல்டு மார்ஷல் வில்லியம் ஸ்லிம்மின் சிலை இருக்கிறது. 1990இல் திறந்தார்கள். ஓர் அரசுத் துறையின் மென்பொருள் திட்டத்தில் ஆலோசகராக இருந்த இரண்டு ஆண்டுகள் நான் அந்தச் சிலையைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். முதல் சில மாதங்கள் அவர் யாரென்று கவனிக்கவில்லை. ஒரு மழை நாளில் பேருந்துக்காக ஒதுங்கி நின்றபோதுதான் பீடத்தில் பர்மா என்ற பெயரைக் கண்டேன்.

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது ஸ்லிம்மின் படை ஏறத்தாழ 900 மைல் பின்வாங்கி, மே மாத மழையில் தாமு என்ற ஊர் வழியாக மணிப்பூருக்குள் வந்து சேர்ந்தது. ராணுவ வரலாற்றில் அது பெரிய பின்வாங்கல் என்று பேசப்படுகிறது. அதற்கு ஒன்றரை மாதம் முன்பு அதே தாமு வழியாக ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் தன் அய்யா, ஆத்தாவோடு நடந்து வந்தாள். அவள் என் அப்பத்தா.

எங்கள் வீட்டில் இது ரகசியமில்லை. "பர்மாவிலேருந்து நடந்து வந்தவுக" என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அப்பத்தாவிடம் கேட்டால், "நடந்தோம், வந்தோம். சொல்றதுக்கு அதுல என்ன கெடக்கு?" என்பார். அவரிடம் ஒரு பழக்கம் மட்டும் உண்டு. குலதெய்வம் கும்பிட வேனில் போனால், ஏறும்போதும் இறங்கும்போதும் ஆட்களை எண்ணுவார். கல்யாண வீட்டிலிருந்து திரும்பினாலும் எண்ணுவார். பிள்ளைகள் நாங்கள் வேண்டுமென்றே இடம் மாறி உட்கார்ந்து அவரைக் குழப்புவோம்.

2001இல் முதுகலை படிக்க நான் இங்கிலாந்துக்குக் கிளம்பினேன். முதல் நாள் இரவு அப்பத்தா, "எத்தனை பேரு போறீக?" என்று கேட்டார். "நான் மட்டும்தான் அப்பத்தா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அன்றுதான் முதல்முறையாக முழுதும் சொன்னார். அதை எழுத எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

*

பர்மாவுக்கும் தமிழருக்கும் நடுவே இருந்தது மலையல்ல, கடல். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறினால் ரங்கூன். மேல்தளத்துப் பயணச்சீட்டு வாங்கி, பாயும் மூட்டையுமாகப் போய் இறங்குவார்கள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் பர்மாவில் இந்தியர் 10,17,825 பேர். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்தான். துறைமுகத்திலும் துப்புரவு வேலையிலும் தெலுங்கர் அதிகம். அரிசி ஆலை, வயல், கடை, வட்டித் தொழில் என்று எல்லாவற்றிலும் தமிழர் இருந்தார்கள். மொகல் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்தன. அப்பத்தாவின் அய்யா ரங்கூனுக்கு வெளியே ஓர் அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதினார். ஆலையை ஒட்டிய லைன் வீட்டில் குடியிருந்தார்கள்.

அந்த வாழ்க்கை 1942இல் திடீரென்று உடைந்துவிடவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937 வாக்கில் அது 25 பங்கு. நிலத்தை இழந்தவனின் கோபம் வட்டிக்காரனோடு நிற்கவில்லை, மூட்டை தூக்குகிறவனையும் சேர்த்துப் பிடித்தது. 1930இல் ரங்கூன் துறைமுகத்தில் கலவரம், 1938இல் மீண்டும் கலவரம். இரண்டிலும் அடிபட்டவர்கள் பெரும்பாலும் ஏழை இந்தியர்கள்.

இன்னொன்றும் நடந்தது. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து தனி நாடாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை மாகாண எல்லையாக இருந்த மலைத்தொடர் அன்று முதல் நாட்டு எல்லை. லண்டனில் இந்தியா ஆபீஸ், பர்மா ஆபீஸ் என்று இரண்டு அலுவலகங்கள் வந்தன. ஆனால் இரண்டும் ஒரே கட்டடத்தில் இயங்கின, இரண்டுக்கும் ஒரே அமைச்சர். 1942இல் அந்த அமைச்சர் லியோ ஏமெரி. இரண்டு நாட்டுக்கும் நடுவே ஆளைக் கொண்டுபோகும் ரயில் இல்லை, லாரி போகும் சாலையும் இல்லை. ரயில் பாதைக்கு அளவை எல்லாம் எடுத்தார்கள், போடவில்லை. கப்பல்தான் இருக்கிறதே என்று இருந்துவிட்டார்கள்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் முதல் குண்டு விழுந்தது. கிறிஸ்துமஸ் நாளில் மறுபடியும். வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தவர்கள் நிறையப் பேர் செத்தார்கள். துறைமுகத் தொழிலாளரும் துப்புரவுத் தொழிலாளரும் ஓடியதும் நகரம் நாறத் தொடங்கியது. தொழிலாளி போய்விட்டால் துறைமுகம் நின்றுவிடும் என்று அரசு அவர்களைத் தடுக்கப் பார்த்தது. கப்பலில் பல பத்தாயிரம் பேர் தப்பினார்கள் என்றாலும், இடம் கிடைத்தது முதலில் பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் விழுந்தது. கடல் வழி அடைபட்டது. மிச்சம் இருந்தவர்களுக்கு மலைதான்.

மூன்று பக்கமாக நடந்தார்கள். புரோமிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டித் தவுங்கப் வழியாகக் கடற்கரைக்கு இறங்கி, சிட்டகாங் போனது ஒரு கூட்டம். மண்டலேயிலிருந்து சிந்துவின் ஆற்றுக்கு வந்து, கலேவா, தாமு, பலேல் வழியாக இம்பால் போனது இன்னொரு கூட்டம். மிகவும் பிந்தியவர்களுக்கு வாய்த்தது வடக்கே ஹுகாவுங் பள்ளத்தாக்கும் பாங்சௌ கணவாயும். பர்மா கவர்னர் டார்மன்-ஸ்மித் மே மாதத் தொடக்கத்தில் மிச்சினாவிலிருந்து விமானத்தில் போய்ச் சேர்ந்தார். மே 6 அன்று அந்த விமானத்தளத்தின் மேலும் குண்டு விழுந்தது. அங்கே விமானத்துக்குக் காத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் பருவமழையின் நடுவே ஹுகாவுங் காட்டுக்குள் நடந்தார்கள். மூன்று வழிகளிலும் சேர்த்து நான்கு லட்சத்துக்குக் குறையாதவர்கள் இந்தியாவை நோக்கி நடந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். இறந்தவர்கள் பத்தாயிரம் என்பார்கள், ஐம்பதாயிரம் என்பார்கள், அதற்கும் மேலே என்பவர்களும் உண்டு.

*

அப்பத்தாவின் கூட்டம் பதினாலு பேர். எல்லாரும் ஒரே லைன் வீட்டுக்காரர்கள். பிப்ரவரி கடைசியில் ரயிலில் மண்டலேக்கும் அங்கிருந்து மோனிவாவுக்கும் போய், படகில் கலேவாவில் இறங்கியிருக்கிறார்கள். அங்கிருந்து நடை. யாரும் தனியாக நடக்கவில்லை. தனியாகப் போகிறவனிடம் இருக்கிற அரிசியைப் பிடுங்கிக்கொள்வார்கள், இரவில் காவலுக்கு ஆள் இல்லை, காய்ச்சல் வந்தால் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. அதனால் ஊர்க்காரர், தெருக்காரர், ஒரே ஆலைக்காரர் என்று சேர்ந்துகொண்டார்கள். அரிசி, உப்பு, ஒரு பாத்திரம், நெருப்புப்பெட்டி. அப்பத்தா தலையில் ஒரு தகரப்பெட்டி.

கபோ பள்ளத்தாக்கு மலேரியாவுக்குப் பேர்போனது. தண்ணீர் கிடைத்த இடத்தில் எல்லாம் முன்னால் போனவர்கள் அசுத்தம் செய்திருந்தார்கள். வாந்திபேதி வரிசையாக வந்தது. அப்பத்தாவின் தம்பிக்கு நாலு வயது. தாமுவுக்கு இந்தப் பக்கமே போய்விட்டான். புதைக்க மண்வெட்டி இல்லை. ஆத்தா சேலையைக் கிழித்துச் சுற்றி, மூங்கில் புதருக்குள் வைத்து, கல்லை அடுக்கினார்கள். ஆலையில் வேலை செய்த இன்னொருவரும் மலையேற்றத்தில் இறந்தார். இவ்வளவையும் அப்பத்தா அழாமல் சொன்னார்.

அடுத்ததைச் சொல்லும்போதுதான் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கூட்டத்தில் ஒரு கிழவி. பரமக்குடிப் பக்கம். மகன் ரங்கூனில் குண்டில் செத்துவிட, தெரிந்தவர்களோடு கிளம்பியவர். மலைமேல் ஏறியபின் அவருக்குக் கால் வீங்கி நடக்க முடியவில்லை. ஒரு நாள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். மறுநாள் அரிசி ஒரு வேளைக்குத்தான் இருந்தது. ஆம்பளைகள் தனியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். கிழவியை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, ஒரு குவளைத் தண்ணீரும் இரண்டு கை அரிசியும் வைத்து, "பின்னாடி வர்ற கூட்டத்தோட வந்துரு ஆயா" என்று அய்யா சொன்னாராம். பின்னால் கூட்டங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் எல்லாக் கூட்டத்திலும் ஒரு கிழவி இருந்தார்.

"அந்தக் கெழவிக்கு மூச்சு இருந்துச்சுடா" என்றார் அப்பத்தா. "பதினாலு பேரு கெளம்பி, பதினோரு பேரு வந்தோம். ரெண்டு பேரு செத்தது. ஒண்ணு செத்ததில்ல."

இம்பாலிலிருந்து திமாபூர் போய், ரயிலில் பிரம்மபுத்திரா கரைக்கு வந்து, ஆற்றைப் படகில் கடந்து, கல்கத்தா வழியாகச் சென்னை வந்தபோது ஏப்ரல் பாதி தாண்டிவிட்டது. ஏப்ரல் 5 அன்று ஜப்பானியர் கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டிருந்தார்கள். சென்னையே காலியாகிக்கொண்டிருந்தது. அடைக்கலம் தேடி வந்த பதினோரு பேரும் எழும்பூரில் கண்டது, மூட்டை முடிச்சோடு ரயிலுக்கு அடித்துக்கொண்ட இன்னொரு கூட்டத்தை.

*

பிரிட்டிஷ் நூலகம் செயின்ட் பாங்க்ரஸில் இருக்கிறது. இந்தியா ஆபீஸ், பர்மா ஆபீஸ் கோப்புகள் இன்று அங்கேதான். சிலையைக் கவனித்த பிறகு, திட்டங்களுக்கு இடையில் கிடைத்த நாட்களில் நான் அங்கே போய் உட்கார்ந்தேன். கிழவியைத் தேடித்தான் போனேன் என்று சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கும். உண்மை அதுதான்.

நான் புரட்டிய கோப்புகளில் பெயரோடு வருபவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர், அதிகாரிகளின் குடும்பத்தார். இந்தியத் தொழிலாளி எண்ணிக்கையாக வருகிறான்: இன்ன முகாமில், இன்ன நாளில், இத்தனை பேர். என் தொழிலில் ஒன்றை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். தரவுத்தளத்தில் காலியான கட்டம் வேறு, பூஜ்யம் வேறு. காலி என்றால் யாரும் பதியவில்லை என்று பொருள். ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள் அல்ல. மலையில் விடப்பட்டவர்களின் கட்டம் காலியாக இருக்கிறது. அதைப் பூஜ்யமாகப் படித்துவிடுவது எளிது.

மலைப்பாதையிலும் நிறம் பார்த்தார்கள் என்ற புகார் அப்போதே எழுந்தது. வெள்ளையருக்கு வசதியான வழியும் வாகனமும், இந்தியருக்குக் கடினமான வழி என்று வந்தவர்கள் சொன்னார்கள். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் வெளிநாட்டு இந்தியர் பொறுப்பில் இருந்த எம். எஸ். அனே நேரில் போய்ப் பார்த்தார். காங்கிரஸ் கண்டனத் தீர்மானம் போட்டது, காந்தியும் எழுதினார். அந்தக் கோபம் அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் எழுந்த 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்துக்குள்ளும் போய்ச் சேர்ந்தது.

உதவியவர்களும் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். இந்தியத் தேயிலைச் சங்கத்தின் தோட்டக்காரர்கள் வழியில் முகாம்கள் போட்டுச் சோறும் தேநீரும் கொடுத்தார்கள். அந்த முகாம்களைக் கட்டியதும், பாதையை வெட்டியதும், அரிசி சுமந்ததும் அஸ்ஸாம் தோட்டங்களின் கூலித் தொழிலாளர். மலைவாழ் நாகர்களும் குக்கிகளும் சுமை தூக்கி வழி காட்டினார்கள். ஜூன் மாத வெள்ளத்தில் டாஃபா ஆற்றின் நடுவே சிக்கியவர்களை கைல்ஸ் மாக்ரெல் என்ற தேயிலைத் தோட்டக்காரர் யானைகளைக் கொண்டு மீட்டார். அவர் எடுத்த படச்சுருள் கேம்பிரிட்ஜில் இருக்கிறது.

எழுத்தில் வந்தது குறைவு. ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா மனைவி மங்களத்தோடு நடந்து வந்தார். 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்று பின்னர் எழுதினார். ஆங்கிலத்தில் ஹியூ டிங்கர் 1975இல் எழுதிய கட்டுரைதான் ஆய்வாளர்களை இந்தப் பக்கம் திருப்பியது. மறக்கப்பட்ட நெடும்பயணம் என்று அதற்கு அவர் தலைப்பு வைத்திருந்தார்.

*

என் மகள் படிக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், பிள்ளைகளை விட்டுவிட்டுத் தகப்பன்மார் நாங்கள் நடைபாதையில் தேநீர் குடிப்போம். ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், 1990களின் கடைசியில் மாஸ்கோ வழியாக வந்தவர். அப்பத்தாவின் கதையை, கிழவியையும் சேர்த்து, அவரிடம் ஒரு நாள் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை; வீட்டில்கூட அதுவரை சொல்லியிருக்கவில்லை. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாங்கள் பதினேழு பேர். உக்ரைனிலயிருந்து மலைக்குள்ளால, ராத்திரியில நடந்தனாங்கள். முழங்கால் அளவு பனி. ஒருத்தனுக்குக் கால் பிரண்டு போச்சுது. ஏஜென்சிக்காரன் நில்லாமல் நடக்கச் சொன்னான். நடந்தனாங்கள்."

"அவர் பிறகு?"

"ரெண்டு வருசம் கழிச்சுப் பாரிசில ஒரு கலியாண வீட்டில கண்டன். அவன் ஒண்டும் கேக்கேல்ல. சிரிச்சவன். நான்தான் சாப்பிடாமல் எழும்பி வந்திட்டன்." பிறகு சொன்னார்: "உங்கட அப்பத்தாவின்ர அப்பாவ நீங்கள் குற்றம் சொல்லாதேங்கோ. அவரை அந்த இடத்தில கொண்டுபோய் நிப்பாட்டினது ஆர்?"

அந்தக் கேள்வியோடுதான் நான் திரும்பக் கோப்புகளுக்குப் போனேன். அதன்பின் அவற்றை வேறு மாதிரி படித்தேன். பத்து லட்சம் பேரைக் கடல் தாண்டிக் கூட்டிவந்து ஒரு நாட்டின் அரிசியையும் துறைமுகத்தையும் நடத்திய அரசு, அவர்கள் திரும்பிப் போக ஒரு சாலை போடவில்லை. கப்பல் இருந்தபோது தொழிலாளியைத் தடுத்தது. கப்பல் நின்றபின் வழியில் போதுமான அரிசி வைக்கவில்லை. யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்பது ஒரு அரசு எடுத்திருக்க வேண்டிய முடிவு. அதை அது எடுக்காததால், மூட்டைக் கணக்கு எழுதிய ஒரு மனிதர் ஒரு வேளை அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு மலைமேல் எடுத்தார். அரசுக்கு அந்த முடிவின் சுமை இல்லை. அது அவர் மகளிடம் வந்து, வேனில் ஏறும் ஆட்களை எண்ணும் பழக்கமாக அறுபது ஆண்டுகள் இருந்தது.

அய்யா செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அப்பத்தாவும் சொன்னதில்லை. ஆனால் அவர் நின்றிருந்தால் நான் இல்லை என்பதையும், அவர் நடந்ததால் ஒரு கிழவி இல்லை என்பதையும் ஒன்றாக வைத்துத்தான் பேச முடியும். மலை தாண்டி வந்தவர்களின் பிள்ளைகள் நம்மில் பலருக்கு இதுதான் நிலைமை என்று நினைக்கிறேன்.

*

அந்தப் பாதை 1942உடன் முடியவில்லை. போர் முடிந்ததும் பலர் பர்மாவுக்குத் திரும்பினார்கள். நெ வின் ஆட்சியில் 1963-64இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. லட்சக்கணக்கான இந்தியர் மறுபடி வெளியேறினார்கள், இம்முறை கப்பலில். தமிழ்நாட்டில் பர்மா பஜாரும் பர்மா காலனிகளும் வந்தன. ஆனால் பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த சிலருக்குத் தமிழ்நாடு அன்னியமாக இருந்தது. அவர்கள் மணிப்பூர் வரை போய், 1942இல் நடந்த அதே பாதையில் எதிர்த்திசையில் பர்மாவுக்குள் நுழையப் பார்த்தார்கள். எல்லையில் நிறுத்தினார்கள். முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக மனமில்லாமல், தாமுவுக்கு எதிரே இந்தியப் பக்கத்தில் இருந்த மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் இருக்கிறது. 2023 மே மாதத்துக்குப் பின் மணிப்பூரில் நடந்த வன்முறை அந்தத் தமிழர்களையும் விடவில்லை.

நான் இன்னும் மோரேக்குப் போகவில்லை. போனாலும் அந்த மரம் எது என்று யாருக்குத் தெரியும்?

அப்பத்தா 2004இல் இறந்தார். கிழவியின் பெயரை அவரிடம் கேட்டிருக்கிறேன். "ஆயான்னுதான் கூப்பிடுவோம்" என்றார். ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் இங்கே பதிகிறேன். பெயர் தெரியாது. பரமக்குடிப் பக்கம். மகனை ரங்கூனில் இழந்தவர். 1942 மார்ச் மாதக் கடைசியில், தாமுவுக்கும் பலேலுக்கும் நடுவே ஓர் இடம் வரை வந்தார்.

உங்கள் வீட்டிலும் நடந்து வந்தவர் ஒருவர் இருக்கக்கூடும், பர்மாவிலிருந்தோ வன்னியிலிருந்தோ பனிமலை தாண்டியோ. எப்படி வந்தீர்கள் என்று நாம் கேட்டிருப்போம். எத்தனை பேர் கிளம்பினீர்கள் என்று கேட்டிருக்க மாட்டோம். அவசரப்படாமல், அவர்கள் சொல்ல நினைக்கும் நாளில், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.